மூண்டு வருசம் பாவிச்ச கஞ்சா ஸ்பிரே பற்றி, இலங்கையில திருமலையில (திருகோணமலையில) இருந்து எழுதுறன்

கன பேர் கேட்டுட்டினம், போனில கேக்கினம், வீட்ட வந்தும் கேக்கினம், அதால எல்லாருக்குமா ஒரேயடியா எழுதிவிடுறன். லண்டனில நான் பாவிக்கிற வாய் ஸ்பிரே பற்றின ரிவியூ இது. மருந்தின்ர பேர் நாபிக்சிமோல்ஸ், போத்தலில சேட்டிவெக்ஸ் எண்டு போட்டிருக்கும். கஞ்சாச் செடியில இருந்து எடுக்கிற மருந்துதான், அதை மறைக்க ஒண்டுமில்ல. இப்ப நான் நிக்கிறது உவர்மலையில அம்மா வீட்ட, ஸ்பிரே இல்லாம இது பதினோராவது கிழமை. கையில இருக்கேக்க எனக்கு விளங்காத கனக்க விசயம் இந்தப் பதினொரு கிழமையிலதான் விளங்கினது, அதாலதான் அங்க இருக்கேக்க எழுதாம இப்ப எழுதுறன்.

முதல்ல என்ர நிலமையைச் சொல்லோணும், இல்லாட்டி நான் நல்லம் எண்டு சொன்னாலும் கூடாது எண்டு சொன்னாலும் உங்களுக்கு அதால பிரயோசனம் இல்ல. 2012 இல எனக்கு மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் எண்டு சொன்னவை, எம்எஸ் எண்டுதான் எல்லாரும் சொல்லுறது, அப்ப எனக்கு வயசு 34. எங்கட ஊரில இந்த வருத்தத்தின்ர பேரே கன பேருக்குத் தெரியாது. வெயில் நாடுகளில குறைவு, கனடா, ஸ்கொட்லாந்து மாதிரி குளிர் நாடுகளிலதான் கூட. உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே நரம்பைச் சுத்தியிருக்கிற மயலின் எண்ட உறையை அரிக்கிறதுதான் இந்த வருத்தம், உறை உரிஞ்ச வயரில கரண்ட் ஒழுங்காப் போகாதது மாதிரி மூளை காலுக்கு அனுப்புற செய்தி வழியில சிதறிப்போகும். "இளகு" எண்டு சொல்லுற செய்தி தசைக்குப் போய்ச் சேராட்டி தசை இறுகினபடி நிக்கும். இதைத்தான் டொக்டர்மார் ஸ்பாஸ்டிசிட்டி எண்டு சொல்லுறவை. நான் இதில இறுக்கம் எண்டே எழுதுறன்.

என்ர இறுக்கம் பகலில ஒரு மாதிரி, இரவில இன்னொரு மாதிரி. பகலில கால் ரெண்டும் மரக்கட்டை மாதிரி இருக்கும், ஆனா அந்த மரக்கட்டையை ஊண்டித்தான் நான் நிக்கிறன், தடியோட பத்துப் பதினைஞ்சு மீற்றர் நடக்கிறன். இரவில படுத்தவுடன கால் தன்பாட்டில மடங்கி நெஞ்சுக்குக் கிட்ட இழுபடும், இல்லாட்டி கெண்டைக்கால் கல்லு மாதிரி ஆகி பாதம் கீழ்ப்பக்கமா வளைஞ்சு நிக்கும். ஒரு இரவில ஆறு, ஏழு தரம். ஒவ்வொரு தரமும் முழிப்பு வரும், நோவில கத்தாம இருக்க தலாணியைக் கடிச்சிருக்கிறன். பேந்து முழங்கால் ரெண்டும் ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கொண்டு பிரியாது, இதை ஆரும் வெளியில கதைக்கிறதில்ல, நான் எழுதுறன், ஏனெண்டா இந்த வருத்தம் உள்ள பொம்பிளையள் வாசிச்சா அவைக்கு விளங்கும். கால் பிரியாட்டி கழுவேலாது, உடுப்பு மாத்தேலாது, பாத்ரூம் போறதே ஒரு போராட்டம். நடக்கிறதைவிட இதுதான் எனக்குப் பெரிய கவலையா இருந்தது.

ஸ்பிரேக்கு முதல் பாவிச்சது பக்லோஃபென், பிறகு அதோட டிசானிடின். குளிசை கூட்டக் கூட்ட இறுக்கம் இளகினது உண்மை, ஆனா கூடவே கால் துவண்டு போச்சு. நான் சொன்னனே அந்த மரக்கட்டையை ஊண்டித்தான் நிக்கிறன் எண்டு, குளிசை அந்த ஊண்டுகோலையும் எடுத்துப்போட்டுது. ஒருநாள் குசினியில கேத்தலோட விழுந்தன். குறைச்சால் இரவு நித்திரை இல்ல, கூட்டினால் பகல் கால் இல்ல, இதுக்கு நடுவிலதான் மூண்டு நாலு வருசம் போச்சு. இந்த ஸ்பிரேயும் எடுத்தவுடன குடுக்கிற முதல் மருந்து இல்ல. மற்றக் குளிசையள் எல்லாம் பாத்து சரிவராத, நடுத்தரமோ கடுமையோ இறுக்கம் உள்ள ஆக்களுக்கு, ஏற்கனவே எடுக்கிற மருந்தோட சேத்துக் குடுக்கிறதுதான் முறை. இதை நான் ரெண்டு மூண்டு இடத்தில திருப்பிச் சொல்லுவன், கோவிக்காதேங்கோ.

கிடைச்ச கதை நீளம், சுருக்கமாச் சொல்லுறன். கனடாவில 2005 இலயே இதை விட்டிட்டினம், அங்க முதல் விட்டது எம்எஸ் நரம்பு நோவுக்கு. பிரித்தானியாவில இறுக்கத்துக்கு எண்டு 2010 இல லைசன்ஸ் குடுத்தவை. ஆனா லைசன்ஸ் வேற, அரசாங்கக் காசில எழுதித் தாறது வேற. எந்த மருந்து காசுக்குப் பெறுமதி எண்டு பாக்கிற நைஸ் எண்ட அமைப்பு 2014 இல இது செலவுக்குத் தகாது எண்டு சொல்லிப்போட்டுது, வேல்ஸ் பக்கம் அதே வருசம் குடுக்கத் துவங்கிட்டினம், இங்கிலாந்தில இருந்த நாங்கள் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள். கடைசியா 2019 நவம்பரிலதான் நைஸ் சம்மதிச்சது, அதுவும் முதல் நாலு கிழமை மருந்தைக் கொம்பனி இலவசமாத் தரோணும், அந்த நாலு கிழமையில இறுக்கம் 20 வீதமாவது குறைஞ்சால்தான் தொடரலாம் எண்ட கட்டுப்பாட்டோட. பத்து மில்லிலீற்றர் போத்தல் மூண்டு அப்ப 300 பவுண், ஒரு போத்தலில 90 தரம் அடிக்கலாம். எனக்கு எழுதித் தரவேண்டிய இடத்தில இன்னும் ஒண்டேகால் வருசம் இழுபட்டது, 2021 மாசியிலதான் முதல் போத்தல் கைக்கு வந்தது. அந்த ஒண்டேகால் வருசத்தின்ர இரவுகளை நினைச்சா இப்பவும் எனக்கு மனம் ஆறாது.

போத்தல் சின்னன், கைக்குள்ள அடங்கும். ஒரு தரம் அடிச்சா 2.7 மில்லிகிராம் டிஎச்சி, 2.5 மில்லிகிராம் சிபிடி. டிஎச்சி எண்டது தலைக்கு ஏறுற சாமான், இறுக்கத்தை இளக்கிறதில பெரிய பங்கும் அதுக்குத்தான், சிபிடி தலைக்கு ஏறாது. நாக்குக்குக் கீழ இல்லாட்டி கன்னத்துக்கு உள்பக்கம் அடிக்கோணும், ஒவ்வொரு தரமும் இடத்தை மாத்தி மாத்தி அடிக்கோணும், ஒரே இடத்தில அடிச்சா தோல் உரிஞ்சு புண் வரும். உள்ள அற்ககோல் இருக்கு, பெப்பர்மின்ட் எண்ணெயும் இருக்கு, அதால முதல் செக்கன் சுள்ளெண்டு எரியும், பிறகு ஒரு கைப்பு. மூண்டு வருசத்தில அந்தச் சுவை எனக்குப் பழகேல்ல. அடிச்சு உடன தேத்தண்ணி குடிச்சா எரிவு கூட, அதால ஒரு பத்து நிமிசம் பொறுத்துத்தான் குடிப்பன். சாப்பிட்டபிறகு அடிக்கிறதா சாப்பிட முதலா எண்டு கேட்டால், எதோ ஒண்டைப் பிடிச்சு எல்லா நாளும் அப்பிடியே செய்யுங்கோ எண்டுதான் எங்கட எம்எஸ் நேர்ஸ் சொல்லித் தந்தவ, ஏனெண்டா சாப்பாட்டோட எடுத்தால் உடம்பில சேருற அளவு மாறும்.

துவக்கம் மெல்ல. முதல் நாள் பின்னேரம் ஒண்டு, அவ்வளவுதான். பிறகு ரெண்டு கிழமைக்குள்ள படிப்படியாக் கூட்டிக்கொண்டு போறது, ஒண்டுக்கும் அடுத்ததுக்கும் இடையில குறைஞ்சது 15 நிமிசம், ஒரு நாளைக்கு ஆகக்கூடினது 12. ஆறாம் நாள் நான் பொறுமை கெட்டு மூண்டை ஒண்டுக்குப் பின்னால ஒண்டா அடிச்சிட்டு எழும்பினன், வீடு சுத்தினது, அலுமாரியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டன், நெஞ்சு படபடத்தது, அண்டைக்கு இவர் வீட்ட இருந்திராட்டி விழுந்திருப்பன். பிழை என்ர, இடைவெளி விடச் சொன்னதை நான் கேக்கேல்ல. எங்கட வருத்தத்தில ஏற்கனவே தடுமாற்றம், அதுக்குமேல தலைச்சுத்து வந்தால் இடுப்பெலும்புக்குத்தான் ஆபத்து. புதுசாத் துவங்குற ஆக்கள் முதல் ரெண்டு கிழமை கட்டிலில இருந்துகொண்டு அடியுங்கோ, அடிச்சு ஒரு மணித்தியாலத்துக்குத் தனிய எழும்பாதேங்கோ.

நேர்ஸ் ஒரு கொப்பி தந்து ஒவ்வொரு நாளும் இறுக்கத்துக்கு 0 இல இருந்து 10 க்குள்ள ஒரு நம்பர் போடச் சொன்னவ. நான் அதோட என்ர பாட்டில இன்னொரு கோடு கீறி இரவில எத்தின தரம் முழிப்பு எண்டும் எழுதினன். துவங்கேக்க 8, நாலாம் கிழமை முடிவில 5. முழிப்பு ஏழில இருந்து ரெண்டு. இந்தக் கொப்பி முக்கியம், ஏனெண்டா எல்லாருக்கும் இது வேலை செய்யாது. 2011 இல வந்த ஒரு பெரிய ஆய்வில 572 பேருக்கு நாலு கிழமை குடுத்துப் பாத்தவை, 272 பேருக்குத்தான் அந்த 20 வீதம் குறைஞ்சது, அதாவது பாதிக்கும் கொஞ்சம் குறைவு. நாலு கிழமையில ஒண்டும் தெரியாட்டி பிறகும் தெரியப்போறது குறைவு, நிப்பாட்டிறதுதான் சரி. என்னோட ஒரே கிளினிக்குக்கு வந்த ஒரு குஜராத்தி அக்காவுக்கு ஒண்டுமே செய்யேல்ல, அவ அழுதவ, எனக்கு வேலை செய்யுது எண்டு அவவுக்குச் சொல்ல எனக்கு வாய் வரேல்ல.

இனி அது எனக்கு என்ன செய்தது, என்ன செய்யேல்ல எண்ட கதை. நான் மனசுக்குள்ள என்ன எதிர்பாத்தனான் எண்டு கேட்டால், நடை. நேர்ஸ் நூறு தரம் சொல்லியும் நான் நினைச்சது நடையைத்தான், திருமலைக்கு வந்து கோட்டை வாசலில இறங்கி அந்த மான்களுக்குள்ளால நடந்து கோணேஸ்வரத்துக்கு ஏறி அம்மாவோட நிண்டு கும்பிடவேணும், அதுதான் என்ர ஆசை. அது நடக்கேல்ல. நடை ஒரு அடியும் கூடேல்ல. களைப்பு குறையேல்ல, கொஞ்சம் கூடினது எண்டே சொல்லலாம். அடிக்கடி மூத்திரம் போற கரைச்சல் அப்பிடியே. இறுக்கத்தை அளக்க பிசியோ என்ர முழங்காலைப் பிடிச்சு மடக்கிப் பாப்பா, அவவின்ர கைக்கு முந்தியும் பிந்தியும் ஒரே நம்பர்தான் வந்தது. எனக்குக் குழப்பமா இருந்தது, எனக்கு நல்லா இருக்கு, அவவின்ர பேப்பரில ஒரு மாற்றமும் இல்ல. பிறகு வாசிச்சா, 2003 இல பிரித்தானியாவில 630 பேரில செய்த ஆய்விலயும் இதே கதைதான், அங்க குடுத்தது வாயால எடுக்கிற கஞ்சா மருந்து. பரிசோதிச்ச ஆக்களின்ர அளவையில பெரிய வித்தியாசம் இல்ல, நோயாளிகளைக் கேட்டால் இறுக்கமும் நோவும் குறைஞ்சிருக்கு எண்டு சொல்லியிருக்கினம். சில பேர் இதை வச்சு மனப்பிரமை எண்டு சொல்லுவினம். நான் சொல்லுறது, பகல் பதினொரு மணிக்கு கிளினிக் கட்டிலில மடக்கிப் பாக்கிற முழங்கால் வேற, விடிய ரெண்டு மணிக்கு என்ர நெஞ்சில வந்து இடிக்கிற முழங்கால் வேற. ஸ்பிரே தொட்டது ரெண்டாவதை.

நித்திரை வந்தது. ஒரேயடியா அஞ்சு மணித்தியாலம் படுத்தெழும்பின முதல் விடிய நான் மணிக்கூடு நிண்டுபோச்சு எண்டு நினைச்சன். முழங்கால் பிரிஞ்சது, முழுசா இல்ல, ஒரு துவாயை மடிச்சு இடையில வைக்கிற அளவுக்கு, ஆனா அந்த அளவு போதும், நானே கழுவி நானே உடுப்பு மாத்தலாம். சப்பாத்து போடேக்க பாதம் வளையாம நிண்டது. பக்லோஃபெனைக் குறைக்க முடிஞ்சது, டொக்டரைக் கேட்டு மாசக்கணக்கா மெல்ல மெல்லக் குறைச்சது, அதை உடன நிப்பாட்டக் கூடாது, வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும், தயவுசெய்து ஆரும் தன்பாட்டில விடாதேங்கோ. குளிசை குறைஞ்சதால பகலில கால் துவளுறதும் குறைஞ்சது. அதால ஸ்பிரே நேர நடை தராட்டிலும் விழுறதைக் குறைச்சுத் தந்தது.

கூடாத பக்கமும் இருக்கு. வாய் காயும். ஒரு மெல்லிய மயக்கம் மாதிரி, தலைக்குள்ள பஞ்சு வச்ச மாதிரி ஒரு உணர்வு முதல் ரெண்டு மாசம் இருந்தது, பிறகு போட்டுது. எனக்கு வேலை கணக்கு எழுதுறது, வீட்டில இருந்து செய்யிறன், காலமை ஒரு ஸ்பிரே அடிச்சிட்டு இருந்தால் ஒரே நிரலை மூண்டு தரம் கூட்டுவன், மூண்டு விடை வரும். அதால காலமை அடிக்கிறதை விட்டிட்டன். நிப்பாட்டும் வரைக்கும் என்ர கணக்கு பின்னேரம் ஆறு மணிக்கு ரெண்டு, படுக்க முதல் இடைவெளி விட்டு மூண்டு, மொத்தம் அஞ்சு, அதுக்குமேல நான் போனதில்ல. கார் ஓட்டுறதை நான் முந்தியே விட்டிட்டன், ஓட்டுற ஆக்கள் இதை எடுத்துத் தலை பாரமா இருந்தால் ஓட்டக் கூடாது. குடிக்கிற ஆக்கள் குடியோட சேக்கக் கூடாது. வீட்டில ஆருக்கும் சித்தம் கலங்கின வருத்தம், ஸ்கிட்சோஃப்ரினியா மாதிரி இருந்திருந்தால் இந்த மருந்து குடுக்கமாட்டினம், கேட்டால் உண்மையைச் சொல்லுங்கோ, மறைக்கிற விசயம் இல்ல இது. பிள்ளை வயித்தில இருக்கிற, பால் குடுக்கிற தாய்மாருக்கும் இல்ல.

இன்னொண்டு, இது வருத்தத்தை மாத்துற மருந்தே இல்ல. மாமி ஒராள் "அங்க கஞ்சாவால எம்எஸ் சுகமாக்கினமாம்" எண்டு வட்ஸ்அப்பில வந்ததைக் காட்டினவ. இல்ல மாமி. வருத்தம் கூடிக்கொண்டு போறதை டிஎச்சி தடுக்குமோ எண்டு பிரித்தானியாவில 498 பேரை மூண்டு வருசம் வச்சுப் பாத்தவை, 2013 இல முடிவு வந்தது, தடுக்கேல்ல. வருத்தத்தைக் கட்டுப்படுத்துற மருந்துகள் வேற இருக்கு, அதை நான் தனிய எடுக்கிறன். ஸ்பிரே இறுக்கத்துக்குத் துணை, அவ்வளவும்தான்.

இப்ப திருமலைக்கு வருவம். ஏன் கொண்டு வரேல்ல எண்டு கேக்கினம். இஞ்ச 1929 இல வந்த நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் கஞ்சாவைத் தடை செய்யுது, ஆயுர்வேத மருந்து செய்யிறதுக்கு மட்டும் சட்டம் ஒரு வழி விட்டிருக்கு. கட்டுநாயக்க எயாப்போட்டில என்ர கைப்பையில அந்தப் போத்தலைக் கண்டால் நான் எந்தத் துண்டைக் காட்டி என்னத்தை விளங்கப்படுத்துறது, வீல்செயாரில இருந்துகொண்டு? நான் அந்தத் துணிவுக்குப் போகேல்ல. டொக்டரோட கதைச்சு, இஞ்ச வாறதுக்கு முதலே குறைச்சு நிப்பாட்டி, டிசானிடினைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தன். நிப்பாட்டினதால பெரிய துன்பம் ஒண்டும் இல்ல, ஒரு கிழமை கனவு கூட, எரிச்சல் கூட. இன்னொரு பிரச்சினை சூடு. திறக்காத போத்தல் பிரிட்ஜில இருக்கோணும், திறந்தபிறகு வெளியில வைக்கலாம் ஆனா 25 பாகைக்கு மேல போகக் கூடாது, 42 நாளுக்குள்ள முடிக்கோணும். உவர்மலையில இந்தக் கச்சான் காத்து அடிக்கிற மாசத்தில எங்கட அறைக்குள்ள 25 பாகை எண்டது விடியப்புறத்திலயும் கிடையாது.

சூடு எண்டு சொன்னவுடன கன்னியா கதையும் எழுதோணும். வந்த முதல் கிழமையிலயே நாலு பேர் சொல்லிட்டினம், கன்னியா வெந்நீரூற்றில ஏழு கிணத்திலயும் முழுகு, நரம்பு இளகும் எண்டு. அன்பாலதான் சொல்லினம், எனக்குத் தெரியும், இராவணன் தாய்க்குக் கடமை செய்த இடம் எண்டு சின்னனில அப்பா கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவர், அந்த இடத்தில எனக்கும் பக்தி இருக்கு. ஆனா எம்எஸ் உள்ள கன பேருக்கு உடம்புச் சூடு அரைப் பாகை ஏறினாலே கண் மங்கும், கால் விழும், உறை உரிஞ்ச நரம்பில சூட்டுக்குச் செய்தி இன்னும் தடைப்படும். ஊட்ஹொஃப் எண்ட ஜெர்மன் கண் டொக்டர், ஓடியாடி உடம்பு சூடேறேக்க கண் மங்குறதை 1890 இலயே கண்டு எழுதினவர், எம்ஆர்ஐ இல்லாத காலத்தில இந்த வருத்தம் இருக்கோ எண்டு பாக்க ஆக்களைச் சுடுதண்ணித் தொட்டியில இருத்திப் பாத்தவையாம். குளிர்ந்தால் திரும்பி வரும், நரம்பு புதுசாக் கெட்டுப்போறதில்ல, ஆனா வழுக்கிற கிணத்துக்கட்டில நிக்கேக்க கால் விழுந்தால் என்ன நடக்கும் எண்டு யோசியுங்கோ. அதால நான் போறது உப்புவெளிக் கடலுக்கு. விடிய அஞ்சே முக்காலுக்கு, வெயில் ஏற முதல், தம்பி ஓட்டோவில கொண்டுபோய் இடுப்பளவு தண்ணியில பிடிச்சுக்கொண்டு நிப்பான். தண்ணி தாங்குறதால கால் தன்பாட்டில நீளும். இந்தப் பதினொரு கிழமையில எனக்குக் கிடைச்ச ஆகப்பெரிய உதவி அந்த இருபது நிமிசம்தான், ஸ்பிரேக்கு அது ஈடு இல்ல, எண்டாலும் பகல் மத்தியானம் வரைக்கும் தாங்கும்.

இரவுக்கு கடல் உதவாது. இரவுக்கு அம்மா. எழுபத்தாறு வயசு, சக்கரை வருத்தம், அவ என்ர கட்டிலுக்குப் பக்கத்தில பாய் போட்டுப் படுக்கிறா. கால் இழுபடத் துவங்கின உடன, நான் கூப்பிட முதலே எழும்பி பாதத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சு மேல்பக்கமா மெல்லத் தள்ளிக்கொண்டே இருப்பா, தசை விடும் வரைக்கும். பிசியோ வீடியோவில காட்டிக் குடுத்தது, ரெண்டு நாளில பிடிச்சிட்டா. விடிய முழங்காலைப் பிரிச்சுக் கழுவி விடுறதும் அவதான். நாப்பத்தேழு வயசில நான் திரும்பவும் அம்மாவின்ர கைப்பிள்ளை. அவ ஒரு நாளும் முகம் சுழிச்சதில்ல, ஆனா விடிய கோப்பியை ஊத்தேக்க அவவின்ர கை நடுங்குறதை நான் காணுறன். இதைத்தான் நான் தொடக்கத்தில சொன்னது, இல்லாமப்போனபிறகுதான் விளங்கினது எண்டு. லண்டனில அந்த அஞ்சு ஸ்பிரேயும் என்ர நித்திரையை மட்டும் பாத்தது எண்டு நினைச்சன். அது இவரின்ர நித்திரையையும் பாத்திருக்கு, அடுத்த நாள் அவர் பஸ் ஓட்டப் போறதையும் பாத்திருக்கு. கொப்பியில நேர்ஸ் தந்த 0 இல இருந்து 10 கோட்டில அதுக்கு இடமே இல்ல.

அம்மாக்கு நான் முதல் மறைச்சிருந்தன். ஒருநாள் கேட்டா, "அங்க என்ன மருந்து பிள்ளை எடுத்தனி, அங்க நல்லாத்தானே படுத்தனி" எண்டு. சொன்னன். "கஞ்சாவோ?" எண்டு கேட்டுட்டு கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்ல. பிறகு, "அப்ப ஏன் இஞ்ச டொக்டர்மார் தரீனமில்ல?" எண்டுதான் கேட்டா. அந்தக் கேள்விக்கு என்னட்ட மறுமொழி இல்ல.

ஆனா இன்னொருத்தனுக்கு நான் தெளிவா மறுமொழி சொன்னனான். மச்சான் முறையான ஒரு பெடியன், நல்ல பெடியன், நான் படுற பாட்டைக் கண்டிட்டு, "அக்கா, கேரளக் கஞ்சா எடுத்துத் தரலாம், தேத்தண்ணியில போட்டுக் குடியுங்கோ" எண்டான். வேண்டாம் எண்டன். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அவன் உள்ள போனால் அவன்ர தாய்க்கு நான் என்ன சொல்லுறது. மருந்து எண்ட கணக்கிலயும் அது வேற சாமான். ஸ்பிரேயில எத்தின மில்லிகிராம் எண்டு எனக்குத் தெரியும், ஆறாம் நாள் அது தெரிஞ்சுமே நான் விழப்பாத்தன். பொட்டலத்தில டிஎச்சி எவ்வளவு, சிபிடி இருக்கோ இல்லையோ, என்ன கலந்தது, பூஞ்சணம் பிடிச்சதோ, ஒண்டும் தெரியாது. புகைக்கிறது இன்னும் மோசம். எம்எஸ் உள்ள எங்களுக்கு ஞாபகமும் யோசிக்கிற வேகமும் ஏற்கனவே குறையுற சாமான். ரொறன்ரோவில ஒரு டொக்டர் குழு, அடிக்கடி கஞ்சா பாவிச்ச எம்எஸ் நோயாளிகள் 40 பேரை எடுத்து அரைவாசிப் பேரை 28 நாள் நிப்பாட்டச் சொல்லிப் பாத்தவை, நிப்பாட்டின ஆக்களுக்கு ஞாபகமும் வேகமும் வடிவாக் கூடினது, 2019 இல வெளிவந்தது. இருபத்தெட்டே நாளில. காலமை ஒரு ஸ்பிரேக்கே எனக்குக் கணக்குப் பிழைச்சது எண்டு மேல எழுதினனே, அதை இதோட சேத்துப் பாருங்கோ.

சித்த வைத்தியத்தில கேக்கலாமோ எண்டும் ரெண்டு பேர் எழுதியிருந்தவை. கஞ்சா சித்தத்துக்குப் புதுசு இல்ல, பழைய மருந்துச் சரக்குதான், எங்கட கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்திலயே சித்த மருத்துவம் படிப்பிக்கினம், முறையாப் பதிஞ்ச வைத்தியர்மார் இருக்கினம். போறதெண்டால் அவையட்டப் போங்கோ, எடுக்கிற இங்கிலிஸ் குளிசை எல்லாத்தின்ரயும் பேரை எழுதிக் கொண்டுபோய்க் காட்டுங்கோ, பக்லோஃபென், டிசானிடின் எல்லாம் தானே மயக்கம் தாறது, அதுக்குமேல இன்னொண்டு சேந்தால் இரவில மூச்சும் தடுமாற்றமும் பாக்கோணும். ஆனா எம்எஸ் இறுக்கத்துக்கு நான் மேல சொன்ன ஆய்வுகளில அளந்து பாத்தது அளவு தெரிஞ்ச ஸ்பிரேயும் குளிசையும்தான், லேகியத்தை இல்ல, ரெண்டையும் ஒண்டா நினைக்காதேங்கோ.

மார்க்ஸ் போடச் சொன்னால், இரவு இறுக்கத்துக்குப் பத்தில எட்டரை. முழங்கால் பிரியிறதுக்கு ஏழு. நடைக்குப் பூச்சியம். சுவைக்கு ரெண்டு. அதைக் கிடைக்கச்செய்யிற முறைக்கு நான் மார்க்ஸ் போட விரும்பேல்ல. லண்டனில, ரொறன்ரோவில இருந்து வாசிக்கிற எங்கட ஆக்களுக்குச் சொல்லுறது, குளிசை சரிவராம இரவில கால் இழுபட்டுக்கொண்டு இருந்தால் உங்கட எம்எஸ் நேர்ஸிட்ட இந்தப் பேரைச் சொல்லிக் கேளுங்கோ, கஞ்சா எண்ட சொல்லுக்கு வெக்கப்பட்டுக் கேக்காம இருந்த ரெண்டு அக்காமாரை எனக்குத் தெரியும், அவையின்ர கட்டிலுக்குப் பக்கத்திலயும் ஆரோ ஒராள் முழிச்சுக்கொண்டுதான் இருக்கினம். எழுதித் தந்தால் முதல் நாளே கொப்பியைத் துவங்குங்கோ, அதில முழிப்புக் கணக்கும், உங்களோட சேந்து முழிச்ச ஆளின்ர கணக்கும் சேத்து எழுதுங்கோ. திரும்பப் போகேக்க வாங்கி அனுப்புவீங்களோ எண்டு கேட்ட ஆக்களுக்கு, இல்ல, என்னால அதைச் செய்யேலாது, மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

எனக்கு புரட்டாதி ரெண்டாம் கிழமை பிளைட். டொக்டர் சொல்லிட்டார், விட்ட இடத்தில இருந்து அஞ்சு அடிக்கக் கூடாது, திரும்பவும் முதல் நாள் பின்னேரம் ஒண்டில இருந்து துவங்கோணும் எண்டு. அம்மா கோயில் கலண்டரில ஒவ்வொரு நாளுக்கும் கீழ இரவு எத்தின தரம் எழும்பினது எண்டு பேனையால குறிச்சுக்கொண்டு வாறா, நேற்று 6, முந்தநாள் 7. நான் போனபிறகும் விடிய போன் எடுத்து அந்த நம்பரைச் சொல்லோணுமாம், குறையுதோ எண்டு அந்தக் கலண்டரிலயே அவ எழுதிப் பாக்கப்போறாவாம்.